நாலு பத்துக்கு நின்ற வெயில்

இந்தக் கதையில் திருடி நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மேற்கொண்டு நிம்மதியாகப் பேசலாம். சூரன்குளம் அரசு மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிற ஜெயசீலி டீச்சர் என்றால் சுற்றுவட்டாரத்தில் பிள்ளைகளுக்கு வயிறு கலங்கும், பெற்றவர்களுக்கு வயிறு குளிரும். அப்படிப்பட்ட நான் பதினெட்டு வருசமாக வாராவாரம் ஒரே பொருளைத் திருடிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடுக்கு நேரே கால அட்டவணையில் ‘மன்றச் செயல்பாடுகள்’ என்று போட்டிருக்கும். நாடக மன்றம், வினாடி வினா மன்றம், பசுமை மன்றம், சதுரங்க மன்றம் என்று பிள்ளைகள் பிரிந்து போய் ஆடவும் பாடவும் வேண்டிய நேரம். அந்த நேரத்தில் நான் தொகை நுண்கணிதம் நடத்தினேன். ஒருத்தரும் கேட்கவில்லை. ரிசல்ட் வருகிற இடத்தில் யார் கேட்பார்கள்?

நடக்காத மன்றத்துக்குப் பதிவேடு மட்டும் நடந்தது, அதையும் நான்தான் எழுதினேன். வருகைப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு பத்துப் பத்துப் பெயராகக் கோடு கிழித்து ஒரு பத்து நாடகம், அடுத்த பத்து சதுரங்கம் என்று பிரிப்பேன், ஒவ்வொரு பத்திலும் கடைசிப் பெயர் தலைவர். பிறகு ‘மன்றக் கூட்டம் இறைவணக்கத்துடன் தொடங்கி இனிதே நிறைவுற்றது’ என்று கை போன போக்கில் எழுதுவேன். ஹெச்.எம். கீழே கையெழுத்துப் போடுவார். வேலிக்கு ஓணான் சாட்சி. அந்த வருசம் ஆனி மாசத்திலேயே ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள் என்று தகவல் வரவும், ஒரே மத்தியானத்தில் உட்கார்ந்து ஜனவரி வரைக்கும் நடக்கப்போகிற கூட்டங்களையெல்லாம் நடந்ததாகவே எழுதி முடித்தேன். தேதி இன்னும் வரவே இல்லையே என்று எனக்கும் தோன்றவில்லை, கையெழுத்துப் போட்டவருக்கும் தோன்றவில்லை, பார்த்துவிட்டு ‘மிக நன்று’ என்று எழுதிப்போன அதிகாரிக்கும் தோன்றவில்லை.

ஆடி மாசம் இரண்டாவது வெள்ளிக்கிழமை நாலு பத்துக்குப் பள்ளிக்கூட மணி அடித்தது, வெயில் நின்றது.

நின்றது என்றால் நின்றதுதான். வேப்பமரத்து நிழல் சைக்கிள் ஸ்டாண்டின் மூன்றாவது தூண் வரைக்கும் வந்து அங்கேயே படுத்துக்கொண்டது, என் கைக்கடிகாரத்தின் முள் நகரவில்லை, ஆபீஸ் ரூம் கடிகாரமும் நகரவில்லை, செல்போன்கள் எல்லாம் 4.10 என்று காட்டிக்கொண்டு அப்படியே உறைந்துவிட்டன, பள்ளிக்கூட வாசலில் நாலு இருபதுக்குக் கிளம்ப வேண்டிய டவுன் பஸ்ஸின் சாவியைத் திருகினால் ஒரு சின்ன முக்கல்கூட வரவில்லை. ஆனால் காக்கா பறந்தது, காற்று அடித்தது, டீக்கடையில் பால் பொங்கியது, மனுசர்கள் நடக்கவும் பேசவும் தும்மவும் செய்தார்கள். சுமார் ஒரு மணி நேரம் கழித்து என் கடிகாரம் 4.11 என்றது, நிழல் தூணை விட்டு இறங்கியது, பஸ் உறுமியது, எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள்.

முதல் வாரம் ஊர் பயந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். அம்மன் கோயிலில் மணி அடித்தார்கள், எங்கள் சர்ச்சில் ஜெபம் வைத்தார்கள், பள்ளிவாசல் தெருவில் பாத்திஹா ஓதினார்கள். இரண்டாவது வாரமும் நின்றபோது பயம் பாதியாகி, மூன்றாவது வாரம் கோபமாகி, நாலாவது வாரம் ஊர் அதற்குள் பாயை விரித்துப் படுத்துவிட்டது. பருத்திக்காட்டில் களை எடுக்கிறவர்கள் வெள்ளிக்கிழமை மட்டும் மத்தியானச் சோற்றை நின்ற வெயிலுக்கென்று தள்ளிவைத்தார்கள், சண்டை போட்டுக்கொண்டிருந்த பங்காளிகள் அந்த நேரத்தில் பேசினால் பேச்சு முற்றாது என்று கண்டுபிடித்தார்கள், கைக்குழந்தைகள் அந்த நேரத்தில் தூங்கினால் முழிக்காமல் தூங்கின என்று பெண்கள் சொன்னார்கள். மாவட்டத்திலிருந்து ஒரு அதிகாரி விசாரிக்க வந்தார். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இரண்டு டீ குடித்து, பிள்ளைகளோடு ஒரு ஆட்டம் சதுரங்கம் ஆடித் தோற்று, வெயில் நகர்ந்ததும் எழுந்து அறிக்கை எழுதினார்: ‘4.10க்கு ஆய்வு தொடங்கியது, 4.11க்கு முடிந்தது, அசாதாரணமாக எதுவும் காணப்படவில்லை.’

நான் மட்டும் லேசில் விடவில்லை. சும்மா கிடைத்த ஒரு மணி நேரம், விடுவேனா? கதவைச் சாத்தி ஸ்பெஷல் கிளாஸ் என்றேன். சாக்பீஸ் போர்டில் எழுதவில்லை. புதுசு உடைத்து எடுத்தேன், அதுவும் எழுதவில்லை. சரி, வாயால் சொல்கிறேன் என்று திறந்தால் பதினெட்டு வருசமாகத் தூக்கத்தில்கூடச் சொல்கிற சூத்திரம் ஒன்றும் நாக்குக்கு வரவில்லை, பிள்ளைகள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், எனக்கு அவமானமாகப் போய்விட்டது. தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். அன்றைக்குத்தான் எனக்குச் சந்தேகம் தட்டியது, இது எவளோ திருடின நேரம், திரும்பி வந்திருக்கிறது என்று.

பிள்ளைகளுக்குச் சந்தேகமே இல்லை. ஆபீஸ் அலமாரியிலிருந்து மன்றப் பதிவேட்டை எடுத்து வந்து யார் யார் எந்த மன்றம் என்று வாசித்துப் பார்த்து அவரவர் இடத்துக்குப் போய்விட்டார்கள். நான் கோடு கிழித்துப் போட்ட பெயர்கள், சாமி எழுதி வைத்ததுபோல அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். வெட்டியான் மகனுக்கும் பிரசிடெண்ட் மகனுக்கும் ஒரே சதுரங்கப் பலகை. மரம் என்றால் நிழலுக்கு ஒதுங்க மட்டும் தெரிந்த பயல்கள் பசுமை மன்றம் என்று சொல்லி வேப்பங்கொட்டை பொறுக்கினார்கள். நாடக மன்றத் தலைவி சுடலைவடிவு.

இந்தச் சுடலைவடிவைப் பற்றிச் சொல்லவேண்டும். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்குவாள், ஆனால் அவள் குரல் எப்படி இருக்கும் என்று கேட்டால் எனக்கே தெரியாது, ‘உள்ளேன் டீச்சர்’ என்பதைக் கையைத் தூக்கிக் காட்டித்தான் சொல்லுவாள். அந்த நாலு இருபது பஸ்ஸின் டிரைவர் கொம்பையா அவளுடைய அப்பா. விடியக்காலம் நாலு மணிக்கு வண்டியை எடுத்தால் ராத்திரி பத்தரைக்குத்தான் வீட்டுக்கு வருவார், இருபத்திரண்டு வருசத்தில் ஒரு நிமிசம் பிந்தியது கிடையாது, அவர் பஸ் போவதைப் பார்த்து ஊரில் கடிகாரத்தைத் திருப்பி வைப்பார்கள். மகள் அவரை முழுசாகப் பார்ப்பது அந்தப் பஸ்ஸில்தான். தினமும் சாயங்காலம் அவருக்கு நேர் பின்சீட்டில் பதினெட்டு கிலோமீட்டர் போவாள். அவர் தலைக்கு மேலே ‘ஓட்டுநருடன் பேசக் கூடாது’ என்று எழுதியிருக்கும். ஒன்றாம் வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படித்ததிலிருந்து அவள் அதற்குக் கீழ்ப்படிந்து வந்தாள்.

ஆகஸ்டில் ஒரு நாள் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். ஜனவரி கடைசி வெள்ளிக்கிழமைக்கு நான் எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தாள். ‘நாடக மன்றத்தின் சார்பில் கிணறு கேட்ட வரம் என்ற நாடகம் நடைபெற்றது. தலைவி சுடலைவடிவு கிழவர் வேடமேற்று அனைவரையும் கண்கலங்கச் செய்தார். பெற்றோர் கலந்துகொண்டு சிறப்பித்தனர்.’

“இந்த நாடகத்துக்குக் கதை என்ன டீச்சர்?” என்று கேட்டாள்.

கதை எங்கே இருக்கிறது? அப்படி ஒரு நாடகமே கிடையாது. எழுதுகிற அன்றைக்கு ஜன்னல் வழியே பள்ளிக்கூடக் கிணறு தெரிந்தது, அதனால் கிணறு என்று எழுதினேன். நான் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அந்தப் பிள்ளையின் விரல் ‘பெற்றோர்’ என்ற வார்த்தையின் மேல் இருந்தது. கதையை நீங்களே உண்டாக்குங்கடி என்று சொல்லிவிட்டேன்.

உண்டாக்கினார்கள். ஒரு வறண்ட ஊர், அதில் ஒரு கிணறு, ஊர் காலியாகிக்கொண்டே வருகிறது, கிழவர் ஒருத்தர் மட்டும் மிஞ்சி தினமும் கிணற்றுக்குள் தலையை நீட்டி ஊரை விட்டுப் போனவர்கள் பேரையெல்லாம் ஒவ்வொன்றாகக் கூப்பிடுகிறார், கிணறும் எதிர்க்குரல் கொடுக்கிறது. மைதானத்தில் பெஞ்சுகளை வட்டமாகப் போட்டு அதுதான் கிணறு என்றார்கள். கிழவராகச் சுடலைவடிவு கூப்பிட வேண்டும். முதல் இரண்டு மாசம் அவள் கூப்பிட்டது பெஞ்சுக்கே கேட்கவில்லை, பிறகும் குரல் கொஞ்சம்தான் ஏறியது. நான் என்னைக் கட்டுப்படுத்திக்கொண்டு தள்ளி உட்கார்ந்து பார்த்தேன், திருத்துவதற்கு நாக்கு துருதுருத்தது, ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை, அப்பா பார்க்க வேண்டும். அதுதான் இருபதடி தூரத்தில் பஸ்ஸில் இருக்கிறாரே, வெயில் நின்றால் வண்டியும் நின்றுவிடுகிறதே, பார்க்கட்டும் என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் கொம்பையா இறங்கமாட்டார். கண்டக்டர் இறங்கி டீ குடிப்பார், பயணிகள் இறங்கி வேப்பமரத்தடியில் கதை பேசுவார்கள், அவர் மட்டும் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி முன்கண்ணாடி வழியே ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பார், தலையைக்கூட மைதானம் பக்கம் திருப்பமாட்டார். சுடலைவடிவு வாராவாரம் ஒரு கிளாஸ் டீயைக் கொண்டுபோய் ஜன்னல் வழியே கொடுப்பாள், வாங்கிக் குடித்துவிட்டுக் கிளாஸைத் திருப்பிக் கொடுப்பார். ஒரு நாள் தைரியம் வந்து, “எப்பா, ஒரு நாள் இறங்கி வந்து பாருங்கப்பா” என்றாள்.

“வண்டி எப்பக் கிளம்பும்னு தெரியலையேம்மா. கிளம்பும்போது டிரைவர் சீட்டுல இருக்கணும்லா.”

அந்த மனுசன் பேசியதில் தப்பே இல்லை, அதுதான் எனக்கு ஆத்திரம். நானே போய்ச் சொன்னேன், கண்டக்டரை விட்டுச் சொல்லச் சொன்னேன். கேட்டுக்கொள்வார், மரியாதையாகத் தலையை ஆட்டுவார், கை மட்டும் ஸ்டியரிங்கை விட்டு நகராது.

தீபாவளி கழிந்து பழைய மாணவர்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவள் பஸ் ஸ்டாப்பில் பூ விற்கிற தங்கமாரி. பன்னிரண்டு வருசத்துக்கு முந்தி என்னிடம் படித்தவள், இடுப்பில் ஒரு பிள்ளையோடு வந்து, எனக்கும் ஏதோ ஒரு மன்றம் போட்டிருந்தீங்களாமே டீச்சர், என்ன மன்றம் என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். பழைய பதிவேட்டைத் தேடிப் பார்த்தால் வினாடி வினா மன்றச் செயலாளர். அன்றைக்கே போய் உட்கார்ந்து பன்னிரண்டு கேள்விக்குப் பதில் சொன்னாள், அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் ஸ்டாஃப் ரூமுக்குப் போய் அழுதேன். பிறகு மெடிக்கல் ஷாப்காரன் வந்தான், கறிக்கடைக்காரன் வந்தான், திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறவன் லீவு போட்டுவிட்டு வந்தான். எல்லாருடைய வெள்ளிக்கிழமையும் என்னிடம்தானே இருந்தது.

ஆட்கள் கூடக் கூட, கடன் அடைவதுபோல அந்த நேரம் சுருங்கத் தொடங்கியது. கடிகாரம் ஓடாத நேரத்தை எப்படி அளப்பது என்று யோசித்து சர்ச்சிலிருந்து மெழுகுவத்தி வாங்கி வந்து வாராவாரம் கொளுத்தி ஸ்கேல் வைத்து அளந்தேன். ஐப்பசியில் மூன்று சென்டிமீட்டர் கரைந்தது, கார்த்திகையில் இரண்டரை, மார்கழியில் ஒன்று. கணக்கு டீச்சர் அல்லவா, வரைபடத்தாளில் புள்ளி வைத்துக் கோட்டை இழுத்துப் பார்த்தேன். கோடு ஜனவரி கடைசி வெள்ளிக்கிழமையில் போய்ச் சைபரைத் தொட்டது.

நாடகத்தை முன்னாலேயே போட்டுவிடுவோம் என்று பிள்ளைகளிடம் கெஞ்சினேன். பதிவேட்டில் தேதி போட்டிருக்கிறதே டீச்சர், ஹெச்.எம். கையெழுத்தும் இருக்கிறதே என்றார்கள். சுடலைவடிவைத் தனியே கூப்பிட்டு வரைபடத்தைக் காட்டினேன். கணக்குப் பிள்ளை, பார்த்தவுடனே புரிந்துகொண்டாள். அன்றைக்கு வெயில் நிற்காது, பஸ் கிளம்பிவிடும், அதற்குள் ஒரு வாரமாவது முன்னால் போட்டால் உங்கப்பா இறங்காவிட்டாலும் காதிலாவது விழும் என்றேன். அவள் வரைபடத்தை மடித்து என்னிடமே கொடுத்தாள். பிறகு, “அரைகுறையா ஒண்ணை அவங்க பாக்க வேண்டாம் டீச்சர்” என்றாள்.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. நாலு பத்துக்கு மணி அடித்தது, ஊரே அண்ணாந்து பார்த்தது. வேப்பமரத்து நிழல் மூன்றாவது தூணைத் தொட்டது, தாண்டியது, போய்க்கொண்டே இருந்தது. என் கடிகாரம் நாலு பதினொன்று என்றது, நாலு பன்னிரண்டு என்றது. ஆனால் ஆறு மாசப் பழக்கம், பயணிகள் எல்லாம் பஸ்ஸை விட்டு ஏற்கனவே இறங்கியாயிற்று, தங்கமாரி பூக்கூடையை மூடி வைத்துவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்தாயிற்று, டீக்கடைக்காரர் பாய்லரை அணைத்தாயிற்று. நாலு இருபதுக்குக் கண்டக்டர் விசில் கொடுத்தார். ஏறுவதற்கு ஆள் வரவில்லை. இன்னொரு விசில் கொடுத்தார். பஸ்ஸின் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, கொம்பையா சீட்டில் இருந்தார், அவர் கை ஸ்டியரிங்கில் இருந்தது.

சுடலைவடிவு நாலு முழ வேட்டியும் பஞ்சு தாடியுமாக நின்று பஸ்ஸைப் பார்த்தாள். வண்டி போய்விட்டால் அவளுக்கும் வீட்டுக்குப் போக வேறு வண்டி கிடையாது. ஓடிப் போய் ஏறிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் திரும்பி, பெஞ்சுக் கிணற்றுக்குள் தலையை நீட்டி, முதல் பேரைக் கூப்பிட்டாள்.

என்ஜின் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாவது பேரைக் கொஞ்சம் உயர்த்திக் கூப்பிட்டாள், அதுவும் பாதிதான் கேட்டது. மூன்றாவது பேருக்கு மூச்சை இழுத்துக் கூப்பிட்டாள் பாருங்கள், எங்கே வைத்திருந்தாள் அந்தக் குரலை, மைதானம் தாண்டி ரோடு தாண்டி எதிர்வரிசைக் கடைகள் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. அந்தக் குரல் அடங்குகையில் என்ஜின் சத்தம் நின்றிருந்தது.

கடைசியாக ஒரு தரம் வெயில் நின்றுவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தேன். முள் ஓடிக்கொண்டிருந்தது. நாலு இருபத்தாறு.

சாவியைத் திருகி அணைத்தது கொம்பையா. கதவைத் திறந்து, கம்பியைப் பிடித்து, பழக்கமில்லாத ஆள்போல ஒவ்வொரு காலாக ஊன்றி இறங்கி, காக்கிச் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு கேட் வழியாக வந்து எல்லாருக்கும் பின்னால் எனக்குப் பக்கத்தில் நின்றார். கிழவர் பேர் சொல்லிக் கூப்பிடக் கூப்பிட, கிணற்றுக்குள் குனிந்திருந்த பிள்ளைகள் எதிர்க்குரல் கொடுக்க, நிழல் பாட்டுக்கு நீண்டு கொண்டிருந்தது, வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது, பார்க்கிற கண் எல்லாம் கலங்கிக்கொண்டிருந்தது. நான் எழுதிய பொய்யில் அது ஒன்றுதான் எழுதினபடியே நடந்தது.

அவர் என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

“இது எம்மக சத்தமா டீச்சர்?”

“ஆமாண்ணாச்சி.”

“இவ்வளவு சத்தமா பேசுவாளா?”

எனக்கும் இன்றைக்குத்தான் தெரியும் என்று சொன்னேன். கடைசி வரைக்கும் நின்றார். முடிந்ததும் எல்லாரும் கை தட்டினார்கள், அவர் மட்டும் தட்டவில்லை, இரண்டு கையையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் பிடரியைத் தடவிக்கொண்டு நின்றார். ஐந்து மணி பன்னிரண்டு நிமிசத்துக்குப் பஸ் கிளம்பியது. கண்டக்டர் பிறகு சொன்னார், அந்தப் பதினெட்டு கிலோமீட்டரும் அப்பாவும் மகளும் பேசிக்கொண்டே போனார்களாம், பயணிகளில் ஒருத்தர்கூட அதைத் தடுக்கவில்லையாம்.

அதற்குப் பிறகு வெயில் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடுக்கு இப்போது நான் போவதில்லை. பிள்ளைகள் போகிறார்கள், தங்கமாரியும் வியாபாரம் இல்லாத நாளில் வருகிறாள், நான் வெளியே உட்கார்ந்து டீ குடிக்கிறேன். போன தேர்வில் ரிசல்ட் ஒன்றும் குறைந்துபோகவில்லை, குறைந்திருந்தாலும் போகட்டும்.

நாடகம் முடிந்த அடுத்த வியாழக்கிழமை கொம்பையா ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு தாள். நாலு இருபது வண்டி ஐம்பத்திரண்டு நிமிசம் தாமதம், காரணம் கேட்டு டெப்போவிலிருந்து மெமோ. தனக்கு அவ்வளவாக எழுத வராது, டீச்சர்தான் விளக்கம் எழுதித் தர வேண்டும் என்றார். இந்த மாதிரிக் காரியத்தில் என்னை அடிக்க ஆள் உண்டா? உட்காருங்க அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு வெள்ளைத்தாளை எடுத்து, மேற்படி நாளில் என்ஜினில் எதிர்பாராத பழுது ஏற்பட்டு, பயணிகளின் பாதுகாப்பைக் கருதி என்று நாலு வரி அழகாக எழுதி வாசித்துக் காட்டினேன்.

அவர் முழுசாகக் கேட்டார். பிறகு தலையை ஆட்டினார்.

“வண்டி மேல பழி போடாதீங்க டீச்சர், அது நல்ல வண்டி. நாந்தான் நிறுத்துனேன். நடந்ததை எழுதுங்க.”

அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இன்னொன்று எடுத்தேன். பதினெட்டு வருசம் ‘இனிதே நிறைவுற்றது’ எழுதின கை, உண்மையை எழுத வார்த்தை கிடைக்காமல் கொஞ்ச நேரம் திணறியது. பிறகு எழுதினேன்: ‘அன்று என் மகள் பள்ளிக்கூட நாடகத்தில் நடித்தாள். வண்டியை நிறுத்திவிட்டுப் போய்ப் பார்த்தேன். அதனால் தாமதம்.’

வாங்கி ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தார். பேனாவைத் திறந்தவர், கையெழுத்துப் போடாமல் தாளை என்னிடமே திருப்பி நீட்டினார்.

“நல்லா நடிச்சான்னும் சேத்துக்கிடுங்க டீச்சர்.”

சேர்த்து எழுதினேன். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போனார்.